நாள் தவறா மருந்து

இந்தியாவிலும் எச்.ஐ.வி. கிருமி பரவியிருப்பதை 1986ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தனர். 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்குரிய கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கினர். பின்னர் அது நாடெங்கும் விரிந்தது. இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரையே போதும்.

ஆயினும் அதனை நாள் தவறாது உண்ணல் வேண்டும். ஏன்? இக்கிருமி நம் உயிரணுவினுள் புகுந்து தன்னைப் படியெடுத்துப் பெருகுகின்றது. அப்போது பிழைகள் நேரும். குருதியில் மருந்தின் அளவு குறையுமாயின், அம்மருந்துக்கு அடங்காத பிழைப்படிகள் பெருகிவிடும். பின்பு அம்மருந்து பயன் தாராது.

எங்கள் தேவாரம் வட்டாரத்தில் ஏலத் தோட்ட வேலைக்கு வைகறையிலேயே மலையேறுவோர் உண்டு. அத்தகையோர் மருத்துவரைக் கலந்து, இரவு உணவு வேளையையே மருந்து வேளையாகக் கொள்ளலாம். ஒரு வேளை தவறினால், மறுவேளை இரட்டிப்பாக உண்ணலாகாது. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் சில கூட்டு மருந்துகள் உடலிற் சேர்வதைத் தடுக்கும். ஆகவே பிற மருந்து உண்பதை மருத்துவரிடம் மறையாது கூறல் வேண்டும். உடல் தேறியதென்று நிறுத்துவதும் தவறே. மருந்து கிருமியை அடக்குமேயன்றி அறவே அழிக்காது.

அருகில் அமர்வதாலோ உடன் உண்பதாலோ இந்நோய் தொற்றாது. ஊரார் பழிக்கு அஞ்சி மாத்திரையை ஒளித்து உண்பவர்க்கு வேளை தவறுவதுண்டு. அவரை ஒதுக்காதிருப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியேயாகும்.