மானிட்டர் கண்ணைக் கெடுக்குமா? நீங்களே தயாரிக்கலாம் ஒரு சோதனைத் தாள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மானிட்டர் வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடுமா?" என்றுதான். எங்கள் திருவொற்றியூரில் கிரில் பட்டறை வாசலில் நின்று பிள்ளைகள் வெல்டிங் வெளிச்சத்தை வேடிக்கை பார்க்கிறார்களே, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை!

மானிட்டரின் பிரகாசம் சுமார் 300 நிட்ஸ். நடுப்பகல் சூரியனுக்கு ஏறக்குறைய 160 கோடி நிட்ஸ். 50 லட்சம் மடங்குக்கு மேல்! திரையைப் பார்த்துக் கண் எரிவது, இமைக்க மறந்து கண் உலர்ந்துபோவதால்தான். விழித்திரை பழுதாவதால் அல்ல.

வெல்டிங் விஷயம் வேறு. அதன் புற ஊதாக் கதிர் கண்ணின் முன்பக்கமுள்ள கார்னியாவைத் தாக்கும். இரவில் மணல் அள்ளிப் போட்டது போல உறுத்தும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் அதிலுள்ள நீல ஒளி விழித்திரை வரை போகும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதுதான் ஆபத்து. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் புள்ளி தெரியலாம். சிலருக்குச் சில மாதங்களில் குறையும், சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். 2019 டிசம்பர் 26 அன்று சென்னையிலும் தெரிந்ததே, அது போன்ற சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தாலும் இதே கதிதான். கூலிங் கிளாஸ் போதாது. லேசர் பாயின்டரும் விளையாட்டுப் பொருள் அல்ல.

இதைச் சோதிக்க 'ஆம்ஸ்லர் கட்டம்' இருக்கிறது. மார்க் ஆம்ஸ்லர் என்ற சுவிஸ் கண் மருத்துவரின் பெயர் அது. வேர்டில் எழுத்தின் அளவை 6 ஆக்கிவிட்டு, இன்சர்ட் மெனுவில் 20 வரிசை, 20 நெடுவரிசை கொண்ட டேபிள் போடுங்கள். முழுவதையும் செலக்ட் செய்து, லேஅவுட்டில் உயரம், அகலம் இரண்டையும் 0.5 செ.மீ. ஆக்குங்கள். பிரின்ட் எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். பக்கத்துக்கு 10 செ.மீ. இருக்க வேண்டும். சரியாக நடுவில் பேனாவால் ஒரு புள்ளி.

படிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, தாளை 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் புள்ளியை மட்டும் பாருங்கள். பிறகு அடுத்த கண். இரு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். கோடுகள் நெளிந்தாலோ, எங்காவது காணாமல் போனாலோ, உடனே கண் மருத்துவரிடம் போங்கள். வடசென்னைக்காரர்களுக்கு 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை பக்கம்தான். கட்டம் நேராகவே தெரிந்து, பார்வையில் மட்டும் சந்தேகம் இருந்தாலும் போகலாம். இந்தத் தாளுக்குத் தப்பிவிடும் சிறு பழுதையும் 'ஓசிடி' ஸ்கேன் காட்டிவிடும்.