கோயில் மணியும் தபால்காரரும்

திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம் பகுதியில் கோயிலைச் சுற்றியிருந்த ஓட்டுக் கூரைகளின்மேல் மீன்முள்போல் விரிந்த ஆன்டெனாக்கள் முளைத்ததும், காற்றில் அவை திசைமாறும்போதெல்லாம் ஒருவர் மேலேறித் திருப்ப, மற்றொருவர் முற்றத்தில் நின்று "போதும், போதும்" என்று கூவியதும், அந்நகரத்துத் தூர்தர்ஷன் நிலையம் 1985-ல் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியதை ஒட்டிய காலத்து விஷயங்கள்.

தொலைக்காட்சியின் ஆயுள் முடிந்துவிட்டதென்று இப்போது எளிதில் தீர்ப்பளிக்கிறவர்கள், அதற்கும் இணையத்துக்கும் உள்ள ஆதாரமான பேதத்தைக் கவனிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். கோபுரத்திலிருந்து புறப்படும் அலையை ஒரு வீட்டார் பார்த்தாலும் ஒரு லட்சம் வீட்டார் பார்த்தாலும் நிலையத்தின் செலவு ஒன்றே. இணையத்திலோ, பெரும்பாலும், பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி போயாக வேண்டுமாதலால், கூட்டம் பெருகப் பெருகச் செலவும் பெருகும். முன்னது கோயில் மணி. பின்னது வீடு வீடாக ஏறி இறங்கும் தபால்காரர். அதிலும் நாம் கேட்ட வேளையில் வருகிற தபால்காரர் என்பதால், நெடுந்தொடர்களும் திரைப்படங்களும் அவர் பையில் போய்ச் சேர்வதில் வியப்பில்லை. 2023 நவம்பரில் ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டத்தை 5.9 கோடிப் பேர் ஒரே சமயத்தில் ஹாட்ஸ்டார் என்ற இணையச் சேவையில் பார்த்ததை எண்ணினால், பணம் புரளும் இடத்தில் தபால்காரர்களின் சைன்யத்தையே திரட்டலாம் என்பதும் விளங்குகிறது.

லாபமில்லாத காரியத்துக்கு மணிதான் உதவுகிறது. கொள்ளை நோயால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த 2020-ஆம் ஆண்டு, வகுப்புகளை எப்படி நடத்துவது என்ற கேள்வி எழுந்தபோது, கேரள அரசு நாடியது, 2005-ல் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ் என்ற கல்வி அலைவரிசையைத்தான். ஜூன் முதல் தேதி, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்காக அதில் பாடங்கள் ஆரம்பமாயின. அத்திட்டத்துக்கு ‘ஃபர்ஸ்ட் பெல்’, அதாவது முதல் மணி, என்றே பெயரிட்டிருந்தார்கள்! பெட்டி இல்லாத வீட்டுக் குழந்தைகளுக்காக வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் பெட்டிகள் வைக்கப்பட்டன. தவறவிட்ட பாடத்தை யூடியூபில் மறுபடி பார்க்கவும் வசதி இருந்தது. மணியடித்த பிறகு தபால்காரரும் வந்தார் என்று கொள்ளலாம்.

மணி கட்டியிருக்கும் இடந்தான் மாறிவிட்டது. தரைவழி அனலாக் கோபுரங்களைத் தூர்தர்ஷன் பெரும்பாலும் மூடிவிட்டது. மாதச் சந்தா இல்லாத அதன் ஃப்ரீ டிஷ், 2004 முதல் செயற்கைக்கோளிலிருந்து ஒளிபரப்புகிறது. நகரத்திலோ, 1990-களில் ஏஷ்யாநெட்டின் கேபிளைத் தாங்கிய மின்வாரியக் கம்பங்களிலேதான், 2023 ஜூனில் அரசு தொடங்கிய கே-ஃபோன் இணையத்தின் கம்பியும் தொங்குகிறது. மழைக்குப் பின் வரும் லைன்மேன், எது எவருடையதென்று சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டே ஏணியைச் சாத்துகிறார்.