‘டச் அப்’: ஆங்கிலத் தொடர்வினை ஒன்றின் பொருளும் பயன்பாடும்

முன்னுரை

ஆங்கிலத்தில் வினைச்சொல்லும் இடைச்சொல்லும் இணைந்து தனிப்பொருள் தருவது தொடர்வினை எனப்படும். சிறு திருத்தத்தைக் குறிக்கும் ‘டச் அப்’ என்னும் தொடர்வினையைப் ‘பழுதுபார்’ எனத் தமிழாக்கினால் பொருள் பிறழும். அதற்கான காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

பொருள்

‘டச்’ என்பது தொடுதல். ‘அப்’ இங்கு மேல்நோக்கிய திசையைச் சுட்டவில்லை. ‘க்ளீன் அப்’, ‘டைடி அப்’ ஆகியவற்றிற்போல, ஒன்றை நிறைவான நிலைக்குக் கொண்டுவருதலை உணர்த்துகிறது. திருத்தப்படுவது முன்னரே முடிக்கப்பட்டது என்பதும் அதன் குறை சிறியது என்பதும் இவ்வினையில் உள்ளடங்கியுள்ளன. சுவரில் வண்ணம் பெயர்ந்த இடத்தில் மட்டும் பூசுதல், நிழற்படத்தில் உள்ள புள்ளியை நீக்குதல், கலைந்த ஒப்பனையைச் சீராக்குதல் ஆகியன இதற்குச் சான்றுகள். இடிந்த சுவரைக் கட்டுதல் இதில் அடங்காது.

‘பேட்ச் அப்’ இதனின் வேறுபட்டது. அது சேதத்தை முன்கொண்டு, விரைவாகவோ தற்காலிகமாகவோ சரிசெய்தலைக் குறிக்கும். ‘ஒட்டுப்போடுதல்’ அதற்கு நெருங்கிய தமிழ் வழக்கு. பிணக்கைப் பற்றி வரும்போது ‘சமரசம் செய்துகொள்ளுதல்’ எனப் பொருள்படும்.

தொடரமைப்பு

செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாயின் ‘அப்’ என்பதற்கு முன்னும் பின்னும் வரலாம். பிரதிப்பெயராயின் இடையில் மட்டுமே வரும். ‘டச் இட் அப்’ சரி. ‘டச் அப் இட்’ பிழை. வினையாகும்போது அழுத்தம் ‘அப்’ என்பதிலும், பெயராகும்போது ‘டச்’ என்பதிலும் விழும்.

செயப்படுபொருள் ஆளாக அமையும்போது கவனம் தேவை. பிரித்தானியப் பேச்சுவழக்கில் அது இசைவின்றிப் பாலியல் நோக்கில் தொடுதலைக் குறிக்கும். எனவே ‘நடிகையின் ஒப்பனையை’ என்பதை விடுத்து ‘நடிகையை’ என எழுதும் மாணவர், ஒப்பனையைக் கூற எண்ணிக் குற்றச்செயலைக் கூறிவிடுவர்.

தமிழில் வழங்குமுறை

திரைத்துறை வழியாகத் தமிழ்ப் பேச்சில் ‘டச்சப்’ என இது வழங்குகிறது. இங்கு அது வினையாக நில்லாது பெயராகி, ‘செய்’, ‘பண்ணு’ ஆகிய வினையாக்கிகளை ஏற்கிறது. ஆங்கிலத்தில் பிரியக்கூடிய இரு சொற்கள் தமிழில் பிரியாத ஒரு சொல்லாகின்றன. பொருளும் பெரும்பாலும் ஒப்பனையைச் சார்ந்து சுருங்குகிறது.

‘மெருகேற்று’ முழுப்பொருளுக்கும் பொலிவூட்டுதலைக் குறிப்பதால் முற்றிலும் ஈடாகாது. ஒப்பனைக்கு ‘ஒப்பனைத் திருத்தம்’, வண்ணத்திற்குத் ‘திருத்தப்பூச்சு’, எழுத்திற்குச் ‘சிறு திருத்தம்’ எனச் சூழலுக்கேற்பப் பெயர்த்தல் பொருந்தும்.

முடிவுரை

‘பழுதுபார்’ என்பது கெட்டுப்போன பொருளை முன்கொள்கிறது; ‘டச் அப்’ நன்னிலையில் உள்ள பொருளை முன்கொள்கிறது. இவ்வேறுபாட்டைக் கருதாத மொழிபெயர்ப்பு, நல்ல பொருளையும் பழுதுற்றதாகக் காட்டிவிடும். அகராதிகள் இதன் தமிழ்ப் பொருளோடு, அது ஏற்கும் செயப்படுபொருள் வகையையும் சுட்டுதல் பயன் தரும்.