நாலு மாதச் சோறு

பொலிசுக்கோ இராணுவத்துக்கோ ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவித்தல் வந்தால், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் மெலிந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் அவசரம் தொற்றிக்கொள்ளும். கடைசிக் கிழமையில் சீப்புச் சீப்பாக வாழைப்பழம், மாப்பெட்டி, தராசில் ஏறுமுன் வயிறு முட்டத் தண்ணீர். அன்றைக்கு முள் நகரலாம். அடுத்த மாதம் விடியப்புறம் ஓடவேண்டிய கால்களுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

இந்தப் பிள்ளைகள் ஏன் மெலிவு என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009இல், போரின் கடைசி மாதங்களில், முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் கஞ்சி குடித்துத் தப்பிய தாய்மாரின் வயிற்றிலும் மடியிலும் இருந்தவர்கள் இவர்கள். ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் அடைக்கப்பட்ட முகாம்களில் நடை பழகியவர்கள். அவற்றில் ஒன்றான மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. வளர்கிற வயதில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. பால்மாவும் முட்டையும் எட்டாப் பொருளாயின. சிறுவயதில் இழந்த உயரத்தை முழுதாக மீட்க முடியாது. நிறையை மீட்கலாம். ஆகவே மெலிந்த பிள்ளையைச் சோம்பேறி, தின்னத் தெரியாதவன் என்று ஏசுவதை நிறுத்தவேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது ஊட்டக்குறைவால் பலர் தகுதியிழந்ததை அமெரிக்கா கண்டது. 1946இல் பாடசாலை மதிய உணவுக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. மெலிவை நாட்டின் பிரச்சினையாகப் பார்த்தார்கள்.

எங்கள் மண்ணில் சீருடை லேசான பேச்சல்ல. 2012 நவம்பரில் கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் இளம்பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டபோது எழுந்த கேள்விகள் இன்றும் அடங்கவில்லை. போவதா, வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். போவதென்றால் உடம்பு உடையாமல் போகவேண்டும் என்பதே என் கவலை. போதிய சாப்பாடில்லாத உடம்பைத் திடீரென்று ஓடவும் சுமக்கவும் விட்டால் கணைக்கால் எலும்பில் நுண்வெடிப்பு விழும். மாதவிடாய் தவறுகிற பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட.

ஐந்தடி ஆறங்குல உயரமான ஒருவருக்கு 52 கிலோ இருந்தால்தான் ஆரோக்கிய நிறையின் கீழெல்லை. 47 கிலோவில் நிற்பவர் ஐந்து கிலோ ஏறவேண்டும். கிழமைக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை ஏறுவதே நல்ல ஏற்றம். அப்படியென்றால் நாலு மாதமளவு வேண்டும். அதற்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே நாளுக்கு 300 முதல் 500 கலோரி போதும். ஐம்பது கிராம் கச்சானும் இரண்டு முட்டையும் அந்தக் கணக்கை நிரப்பிவிடும். முட்டை கட்டாத நாளில் அவித்த கௌபியோ பயறோ தேங்காய்ப்பூவோடு. இரணைமடுவின் ஜப்பான் மீன், நெத்தலிக் கருவாடு, எருமைத் தயிர், எள்ளுருண்டை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பெரியபிள்ளையான பெட்டைக்கு நல்லெண்ணெய் விட்டு உழுத்தங்களி கிண்டிக் கொடுத்த அம்மம்மாமார் உடம்பு தேற்றத் தெரிந்தவர்கள். அந்தக் களியை அண்ணன்மாரும் சாப்பிடலாம். காலையில் வெறும் பிளேன்டீயோடு வீட்டை விட்டு இறங்கும் பழக்கத்தைத்தான் முதலில் விடவேண்டும்.

சாப்பாடு சதையாக மாற வேலையும் வேண்டும். கிழமையில் மூன்று நாள் தண்டால், குந்தி எழும்புதல், மண்மூட்டை தூக்குதல். ஓட்டத்தை மெல்ல மெல்லக் கூட்டவேண்டும்.

எவ்வளவு சாப்பிட்டும் ஏறவில்லையென்றால் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இரத்தச்சோகை, குடற்புழு, நீரிழிவு, தைரோயிட், விடாத இருமலென்றால் காசநோய்: எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். “உடம்பு வைக்கிற குளிசை” என்று யாரும் தருவதைத் தொடவே கூடாது. சிலவற்றில் ஸ்டெரொயிட் இருக்கும். முகம் ஊதும், உடம்பில் நீர் தேங்கும், பார்ப்பவர்கள் தேறிவிட்டான் என்பார்கள். உள்ளே தசையும் எலும்பும் கரையும். நாட்கணக்கில் விழுங்கியவர்கள் வைத்தியரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

ஆள் எடுப்பவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. நிறை காணாது என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பும்போது, எத்தனை கிலோ குறைவு, எப்போது மறுபடி வரலாம் என்று எழுதி, மாவட்ட வைத்தியசாலைக்கு ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பலாம். மல்லாவியிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் பஸ் ஏறி வந்த பிள்ளை வெறுங்கையோடு திரும்பவேண்டியதில்லை.