விலை கொடுத்தும் சொந்தமில்லை!

பிழைப்பு நாடி மலைநாடு வந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் திரைப்படம் வெறும் பொழுதுபோக்கு அன்று. பீர்மேடு, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை ஆகிய தோட்டப் பகுதிகளில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்கு, வீட்டுப் பேச்சுக்கு அடுத்தபடியாகத் தமிழை ஊட்டுவன பாட்டும் படமுமே. ஆதலின் புதுப்படங்கள் எத்தகையன, அவை எவ்வழியே நம்மை அடைகின்றன என்பதை நாம் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும்.

தரத்தைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் மனம் சோர்கிறது. விளம்பரம் வானளாவுகிறது, படமோ கத்தியிலும் குருதியிலும் முடிகிறது. இசையின் இரைச்சலில் உரையாடல் மூழ்கிவிடுகிறது. பாட்டி முதல் பேத்தி வரை ஒன்றாக அமர்ந்து பார்க்கத்தக்க படம் அத்தி பூத்தாற்போலவே வருகிறது. 2018இல் லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' அத்தகையது. தேனி–இடுக்கி எல்லையில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவன் ஒரு துண்டு நிலத்தைச் சொந்தமாக்கப் படும் பாட்டை அது காட்டிற்று. நம்மவர் கதை அன்றோ அது!

படம் நன்றாயில்லை எனில் பாராது விடலாம். நல்ல படத்தையும் நமதாக வைத்துக்கொள்ள இயலாமைதான் பெருங்குறை. முன்னாளில் குமுளி வழியாகக் கம்பம் இறங்கி ஒலிநாடாவோ டி.வி.டி. தட்டோ வாங்கி வந்தால், அது நம் பொருள். லயத்தில் வீடு வீடாக இரவல் போகும். மகள் புகுந்த வீட்டிற்கும் உடன் செல்லும்.

2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மே மாதம் 'பொன்மகள் வந்தாள்', நவம்பரில் 'சூரரைப் போற்று' ஆகியன திரையரங்கிற்குச் செல்லாமல் நேரே இணையத்தில் வெளியாயின. மலையிறங்காமலே புதுப்படம் காண வழி பிறந்தது என நம்மவர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நியாயமே. ஆயினும் அப்படங்கள் பூட்டுடன் வருகின்றன. படம் மறைகுறியாக நம் கைப்பேசிக்குள் இறங்குகிறது. திறவுகோலோ நிறுவனத்திடம் இருக்கிறது. 2022இல் இந்தியாவில் வாடகை முறையைத் தொடங்கிய பிரைம் வீடியோ, 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், தொடங்கியபின் 48 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும் என விதித்தது. மழை பெய்தால் மின்சாரமும் அலைவரிசையும் ஒருங்கே மறையும் தோட்டங்களில் 48 மணி நேரம் எம்மாத்திரம்? ஒரு நிறுவனத்திற்கு ஓராண்டுக் கட்டணம் செலுத்தி, பெற்றோருக்காக நாம் இறக்கி வைத்த பழைய படம் ஒன்று, அவர்கள் பார்க்க அமர்ந்த நாளில் திறக்கவில்லை. உரிமக்காலம் முடிந்ததாம்!

இரயில்வே எழுத்தராகிய நாம் நாள்தோறும் பயணச்சீட்டைக் காண்கிறோம். எவ்விடத்திலிருந்து எவ்விடத்திற்கு, எந்நாளில், என்ன கட்டணம் என்பன அதிலேயே அச்சாகியுள்ளன. பெட்டியை விற்றுவிட்டதாக எவரும் சொல்வதில்லை. இணைய வணிகரோ சீட்டைத் தந்துவிட்டுப் பெட்டியையே விற்றதாகப் பேசுகின்றனர். அமேசான் நிறுவனம் 2009இல், வாசகர் விலைக்கு வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அவர்தம் கருவிகளிலிருந்தே அழித்தது. மைக்ரோசாப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, பணம் திரும்பிற்று, நூல்கள் மறைந்தன. சோனி பி.எம்.ஜி. 2005இல் தன் இசைத்தட்டுகள் சிலவற்றில் படியெடுப்பைத் தடுக்கும் மென்பொருளை மறைத்து வைத்தது. தட்டை இட்டவர் கணினிக்குள் அது ஒளிந்து புகுந்து பாதுகாப்பைக் குலைத்தது. கண்டனம் எழவே தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

திருட்டுப் படத்திற்கு நாம் பரிந்து பேசவில்லை. அது பல தொழிலாளர் கூலியில் கைவைப்பதாகும். 2023ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தம் அக்குற்றத்திற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்குடன் பூட்டை உடைப்போருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டம் இருக்கட்டும். ஆனால் திருடன் பூட்டை உடைத்துப் படத்தைப் பரப்பிவிடுகிறான். பணம் கட்டிய நேர்மையாளனே பூட்டின் முன் நிற்கிறான். இது முறையாகுமா?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. வாடகை எனின் வாடகை என்றும், எந்நாள்வரை என்றும் தமிழிலேயே தெளிவாக எழுதப்படல் வேண்டும். விற்பனை எனின், நம் வீட்டில் நிலைத்து நிற்கும் படி ஒன்று தரப்படல் வேண்டும். மூன்றாவது நம் கடமை: பரணில் கிடக்கும் ஒலிநாடாவையும் தட்டையும் பழையன என்று எறியாது, மலை ஈரமும் பூஞ்சையும் அண்டாமல் உலர்ந்த பெட்டியில் காத்து, காசு வாங்காமல் உறவினர்க்கு இரவல் தாருங்கள். அவற்றுள் உள்ள தமிழ் நம் பிள்ளைகளுக்கு உரிய சொத்து. அதன் திறவுகோல் நம் வீட்டிலேயே இருக்கட்டும்.