நாற்காலி மட்டுமா காலி?

தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களைப் பற்றிய விவாதம் எப்போது எழுந்தாலும், துணைவேந்தரை நியமிக்க வேண்டியவர் ஆளுநரா, மாநில அரசா என்ற கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. கூட்டாட்சி நோக்கில் அது முக்கியமான கேள்விதான். ஆனால், அதற்கு விடை காணப்படும்வரை பல்கலைக்கழகத்துக்குள் என்ன நடக்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. தலைமை, ஆசிரியர் நியமனம், நிதி, கட்டடம் ஆகிய நான்கும் தனித்தனிப் பிரச்சினைகளாகச் செய்தியில் வருகின்றன. உண்மையில் அவை ஒரே கயிற்றில் விழுந்த முடிச்சுகள். 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் அண்மைக்கால நிலையைப் பார்த்தால் இது தெளிவாகும்.

மூவரா, நால்வரா?

சென்னைப் பல்கலைக்கழகம் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. மாநில ஆளுநர் அதன் வேந்தர். இந்த வழக்கம் 1857இல் அன்றைய ஆளுநர் ஹாரிஸ் பிரபு முதல் வேந்தரானபோதே தொடங்கிவிட்டது. துணைவேந்தர் பதவிக்கான தேடுதல் குழுவில் செனட், சிண்டிகேட், வேந்தர் ஆகியோரின் பிரதிநிதிகளாக மூவர் இடம்பெறுவர். அவர்கள் பரிந்துரைக்கும் மூன்று பெயர்களில் ஒருவரை வேந்தர் நியமிப்பார். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள்.

சிக்கல் நான்காவது நாற்காலியில் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகள், தேடுதல் குழுவில் தங்கள் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. மாநிலச் சட்டத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், 2022 மார்ச் மாதம், மாநிலச் சட்டத்தைவிட யுஜிசி விதிமுறைகளே மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டமன்றம் இயற்றிய சட்டமே செல்லும் என்பது தமிழ்நாடு அரசின் நிலை.

2023 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த மாதமே யுஜிசி பிரதிநிதியையும் சேர்த்து ஆளுநர் ஒரு தேடுதல் குழுவை அறிவித்தார். அந்தப் பிரதிநிதி இல்லாத குழுவை அரசு அரசிதழில் வெளியிட்டது. இரண்டு குழுக்கள் இருந்தன, துணைவேந்தர் இல்லை.

பின்னர் வழக்கு வேறு தளத்துக்குச் சென்றது. 2025 ஏப்ரல் 8 அன்று, நிலுவையில் வைக்கப்பட்டிருந்த பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. துணைவேந்தர் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்களும் அவற்றில் அடங்கும். மே 21 அன்று, நியமனம் தொடர்பான அந்தத் திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில், குடியரசுத் தலைவர் எழுப்பிய வினாக்களுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றமே ஒப்புதல் பெற்றதாகக் கருதிக்கொள்ளும் முறை அரசமைப்புக்கு ஏற்புடையதல்ல என்று கருத்துரைத்தது.

யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஏப்ரல் தீர்ப்பு வந்தபோதே பதவி காலியாகி ஏறத்தாழ 20 மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு துணைவேந்தரின் முழுப் பதவிக்காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட காலம் அது.

குழுவால் எது முடியாது?

துணைவேந்தர் இல்லாதபோது ஒருங்கிணைப்புக் குழு ஒன்று நிர்வாகத்தைக் கவனிக்கிறது. உயர்கல்வித் துறைச் செயலாளர் அதற்குத் தலைவர். பல பல்கலைக்கழகங்களில் ஒரே நேரத்தில் பதவி காலியாக இருந்ததால், ஒரே அதிகாரி பல குழுக்களுக்குத் தலைமை வகிக்க வேண்டியிருந்தது. தேர்வுகள் நடக்கும், சம்பளப் பட்டியலில் கையெழுத்து விழும், கோப்புகள் நகரும். அன்றாடம் தடைபடாது. தடைபடுவது நாளை.

ஆசிரியர் நியமனத்தை எடுத்துக்கொள்வோம். யுஜிசி விதிமுறைகளின்படி, ஆசிரியர் தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தரோ, அவர் நியமிக்கும் மூத்த பேராசிரியரோ தலைமை வகிக்க வேண்டும். வேந்தரின் பிரதிநிதியும் வெளித் துறை வல்லுநர்களும் அதில் இருப்பர். இதற்கு முன்னதாக 69% இடஒதுக்கீட்டுக்கான 200 புள்ளிச் சுழற்சிப் பட்டியலைப் பிழையின்றித் தயாரிக்க வேண்டும். அதில் ஒரு தவறு நேர்ந்தாலும் நியமனம் முழுவதும் நீதிமன்றத்துக்குப் போகும். இவ்வளவு பொறுப்பையும் தற்காலிகக் குழு ஏற்கத் தயங்குவது இயல்பே. எனவே, ‘புதிய துணைவேந்தர் வரட்டும்’ என்று கோப்பு காத்திருக்கிறது. ஆசிரியர்கள் மட்டும் உரிய தேதியில் ஓய்வுபெற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒரு பேராசிரியரின் இடம் காலியானால் வகுப்பு மட்டும் பாதிக்கப்படுவதில்லை. ஒரு பேராசிரியர் அதிகபட்சம் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் முனைவர் பட்ட ஆய்வில் வழிகாட்டலாம் என்பது விதி. ஓய்வுபெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளர்களைச் சேர்க்க முடியாது. அதாவது, ஒரு பேராசிரியர் ஓய்வுபெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவர் வழிகாட்டக்கூடிய எட்டு ஆய்விடங்கள் மூடத் தொடங்கிவிடுகின்றன. மாற்று ஆசிரியர் வராவிட்டால் அவை மீண்டும் திறப்பதில்லை.

இந்த இடைவெளியைக் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு நிரப்புகிறார்கள். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று யுஜிசி 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நடைமுறையில் அந்த அளவு ஊதியம்கூடப் பலருக்குக் கிடைப்பதில்லை. அவர்களுள் தகுதியில் குறைவற்றவர்கள் பலர் உண்டு. ஆனால் ஆய்வு நிதி கோரவோ, நீண்ட காலத் திட்டம் வகுக்கவோ, துறையின் எதிர்காலத்துக்குப் பொறுப்பேற்கவோ அவர்களுக்கு வழியில்லை. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த ஆசிரியர்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2018 விதிமுறைகள் சொன்னதன் காரணமும் இதுவே.

ஒரு நியமனத்தின் வலிமை

நியமனம் என்றால் என்ன என்பதற்கு இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1942 முதல் 1969 வரை ஆ.லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்தார். அந்தக் காலத்தில், 1952இல், ஜி.என்.ராமச்சந்திரன் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. இரண்டே ஆண்டுகளில், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பை முன்வைத்தார். 1963இல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இன்றும் உலகெங்கும் புரத வடிவங்களைச் சரிபார்க்கப் பயன்படுகிறது.

ஒருவரே 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருப்பது இன்றைக்குப் பொருந்தும் முன்மாதிரி அல்ல. இதில் கவனிக்க வேண்டியது வேறு. இளம் அறிஞரைத் தேர்ந்தெடுத்து, துறையை அவர் கையில் கொடுத்து, விளைவுக்குக் காத்திருக்கும் அதிகாரம் அன்றைய தலைமைக்கு இருந்தது. 2023இல் ‘நாக்’ அமைப்பிடமிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் ஏ++ தகுதி பெற்றது. அத்தகைய தகுதி முன்னர் செய்யப்பட்ட நியமனங்களின் பலன். இன்று செய்யப்படாத நியமனங்களின் விளைவு பத்தாண்டு கழித்தே தெரியும்.

வரவும் செலவும்

அடுத்த முடிச்சு நிதி. தொடக்கத்தில் தென்னிந்தியா முழுவதற்கும் பட்டம் வழங்கிய நிறுவனம் இது. மைசூர் (1916), ஆந்திரம் (1926), அண்ணாமலை (1929), மதுரை (1966), பாரதியார், பாரதிதாசன் (1982), திருவள்ளுவர் (2002) என்று ஒவ்வொரு பல்கலைக்கழகம் பிறந்தபோதும் இதன் எல்லை சுருங்கிவந்தது. உயர்கல்வி பரவலாவதற்கு அது தேவையான மாற்றம். ஆனால், இணைவுக் கல்லூரிகள் குறைந்தால் இணைவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் குறையும். கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுத் தாங்களே தேர்வு நடத்தும்போதும் அதுவே நிகழும். தொலைநிலைக் கல்வி முன்பு நல்ல வருவாய் தந்தது. எல்லைக் கட்டுப்பாடுகளும் போட்டியும் அதையும் குறைத்தன.

செலவு எதிர்த்திசையில் நகர்கிறது. ஓய்வூதியத்தின் சுமையைப் பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்தே தாங்குகிறது. ஓய்வுபெற்றோர் எண்ணிக்கை கூடுகிறது. பணியில் இருப்போர் எண்ணிக்கை குறைகிறது. காலியிடங்களால் மிச்சமாகும் சம்பளம்தான் ஓய்வூதியத்துக்குக் கைகொடுக்கிறது என்ற நிலை வந்துவிட்டால், இடங்களை நிரப்பாமல் இருப்பதே நிதி நிர்வாகமாகிவிடும்.

இதன் உச்சத்தை 2024 தொடக்கத்தில் கண்டோம். 400 கோடி ரூபாய்க்கு மேல் வரி நிலுவை இருப்பதாகக் கூறி, வருமான வரித் துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. கணிசமாக அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. ‘கணிசமாக’ என்பதற்கு மொத்த வரவில் 50 விழுக்காட்டுக்கு மேல் என்று வரி விதி பொருள் சொல்கிறது. அரசு நல்கை அந்த அளவைத் தொடவில்லை என்பதே தகராறின் வேர். சட்டத்தால் உருவாகி, ஆளுநரை வேந்தராகவும் உயர்கல்வி அமைச்சரை இணைவேந்தராகவும் கொண்ட நிறுவனம், அரசு நிதியில் நடக்கும் நிறுவனமா என்று கேட்கும் நிலை வந்தது. அதிகாரத்துக்கு இருவர் உரிமை கோருகிறார்கள். செலவுக்கு உரிமை கோருபவர் இல்லை.

கட்டடங்கள் சொல்வது

சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல், சேத்துப்பட்டு என்று ஆறு வளாகங்கள் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879இல் நிறைவடைந்த செனட் மாளிகை, இந்தோ-சாரசெனிக் பாணியின் சிறந்த கட்டடங்களுள் ஒன்று. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டி அது புதுப்பிக்கப்பட்டது. உப்புக் காற்று வீசும் கடற்கரையில் சுண்ணாம்புக் காரையையும் வண்ணக் கண்ணாடிகளையும் ஒருமுறை சீர்செய்து விட்டுவிட முடியாது. அது ஓயாத வேலை.

பிற வளாகங்களின் தேவை வேறு வகை. சில பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய ஆய்வுக்கூடங்களுக்கு இன்றைய கருவிகளைத் தாங்கும் மின்னிணைப்பும் குளிரூட்டலும் கழிவு அகற்றும் வசதியும் வேண்டும். 12ஆம் ஐந்தாண்டுத் திட்டம் 2017இல் முடிந்த பிறகு, அந்தத் திட்டக் காலங்களையொட்டி யுஜிசி வளர்ச்சி நிதி ஒதுக்கும் முறையும் முடிந்தது. போட்டியிட்டுப் பெறும் திட்ட நிதியே பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. போட்டியிட நிரந்தர ஆசிரியர்கள் வேண்டும். அதற்கு நியமனம் வேண்டும். அதற்குத் தலைமை வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டோம்.

முடிச்சை எங்கே அவிழ்ப்பது?

அரசமைப்புக் கேள்விக்கு இறுதி விடை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில செயல்கள் உண்டு. முதலாவதாக, துணைவேந்தரின் பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே தேடுதல் குழு அமைக்கப்பட வேண்டும் என்ற காலக்கெடுவைச் சட்டத்திலேயே சேர்க்கலாம். நியமிப்பவர் யாராக இருந்தாலும் இந்தக் கெடு அவரைக் கட்டுப்படுத்தும்.

இரண்டாவதாக, ஓய்வூதியத்தைப் பல்கலைக்கழகத்தின் அன்றாடக் கணக்கிலிருந்து பிரித்து, அரசு பொறுப்பேற்கும் தனி நிதியத்துக்கு மாற்ற வேண்டும். அப்போதுதான் காலியிடம் சேமிப்பாகத் தோன்றும் நிலை மாறும். மூன்றாவதாக, ஒவ்வொரு துறையிலும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, அடுத்த மூன்று ஆண்டுகளில் ஓய்வுபெறுவோர் எத்தனை பேர் என்ற பட்டியலை ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்க வேண்டும். நான்காவதாக, புதிய கட்டடத்துக்கு நிதி ஒதுக்கும்போதே அதன் பராமரிப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும்.

ஆளுநர்களுக்குப் பல்கலைக்கழக வேந்தர் போன்ற பொறுப்புகளைச் சட்டத்தின் வழியே சுமத்த வேண்டாம் என்று மத்திய - மாநில உறவுகள் குறித்த புஞ்சி ஆணையம் 2010இலேயே பரிந்துரைத்தது. அதை ஏற்பதும் மறுப்பதும் அரசியல் முடிவு. ஆனால், அதிகாரம் யாரிடம் சென்றாலும், அதோடு நிதிப் பொறுப்பும் நியமனப் பொறுப்பும் சேர்ந்தே செல்ல வேண்டும். அரசு நிறுவனத்தின் கட்டணத்தில் முதுகலை படிக்கவரும் முதல் தலைமுறை மாணவருக்கு, துணைவேந்தரின் ஆணையில் கையெழுத்திட்டவர் யார் என்பது பொருட்டல்ல. வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே அவரது கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இருதரப்புக்கும் உண்டு.