அளவைக் காக்கும் தாங்கல் பெருக்கி

லம்பா லைன் பகுதியிலுள்ள விமான நிலையத்தில் விமானம் இறங்குமுன், அவ்விடத்துக் காற்றழுத்தம் விமானிக்கு அறிவிக்கப்படும். அதில் 1 ஹெக்டோபாஸ்கல் தவறினாலும், விமானத்தின் உயரம் ஏறத்தாழ 8 மீட்டர் மாறித் தோன்றும்.

உணரி காற்றழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றும். மின்னணுக் கருவி அதனை மாறாத மேற்கோள் மின்னழுத்தத்துடன் ஒப்பிட்டு அளக்கும். படி நசுங்கினால் அளந்த நெல்லும் பிழைபடுமன்றோ? 1000 ஓம் உள்தடை கொண்ட 2.5 வோல்ட் மேற்கோளிலிருந்து 0.5 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை நேரே எடுத்தால், 2 வோல்ட்டே எஞ்சும்.

இக்குறையைத் தடுப்பது தாங்கல் பெருக்கி. செயல்பாட்டுப் பெருக்கியின் கூட்டல் குறியிட்ட உள்ளீட்டில் மேற்கோளை இணைப்பர்; வெளியீட்டைக் கழித்தல் குறியிட்ட உள்ளீட்டுடன் இணைப்பர். உள்ளீடு மிக நுண்ணிய மின்னோட்டத்தையே எடுக்கும். வெளியீடோ அதே 2.5 வோல்ட்டில் நின்று, வேண்டிய மின்னோட்டத்தைத் தன் மின்வழங்கியிலிருந்து தரும். பளுவைப் பெருக்கி சுமப்பதால் மேற்கோள் தளராது நிற்கிறது.